நூத்திப்பத்தில் ஒரு சொடக்கு

ஜூன் 10, செவ்வாய்

மாப்பிள்ளைக்கு ஆக்ஸிடென்ட்.

காலையில பத்து மணி வாக்குல, விருதுநகர் தாண்டி நாலு வழிச்சாலையில, வண்டியோட முன்சக்கரம், டிரைவர் பக்கம் உள்ளது, கழண்டு தனியா ஓடியிருக்கு. வண்டி சாய்ஞ்சு நடுத்திட்டுல மோதி, முன்பக்கம் அமுங்கி, மாப்பிள்ளையோட வலது கால் அதுக்குள்ள மாட்டிக்கிச்சு. தகரத்தை வெட்டித்தான் ஆளை எடுத்தாங்களாம். நல்லவேளை சவாரி ஏறலை. மதுரை ஏர்போர்ட்ல ஆளை ஏத்தத் தனியாத்தான் போயிருக்காரு.

மாப்பிள்ளைன்னா என் தங்கச்சி முப்பிடாதியோட வீட்டுக்காரர், கோமதிநாயகம். சொந்தமா ஒரு டூரிஸ்ட் கார் வச்சு ஓட்டுறாரு. பதினெட்டு வருஷத்துல ஒரு கீறல் விழுந்ததில்லை.

இந்த டைரி டயர் கம்பெனிக்காரன் ஜனவரியில கொடுத்தது. அஞ்சு மாசமா வண்டி நம்பரும் டயர் சைஸும்தான் கிறுக்கிக்கிட்டிருந்தேன். இன்னைக்கு வேற எழுத வேண்டியதாப்போச்சு. யார்கிட்ட சொல்ல?

முந்தாநாள் அந்த வண்டியோட நாலு சக்கரத்தையும் கழட்டி மாட்டினது என் கடையிலதான். கோவில்பட்டி பைபாஸ்ல ஆவுடை டயர்ஸ்னா இருபத்திரெண்டு வருஷப் பேரு. நட்டு லூசா இருந்திருக்குமா? இருக்காது. ஸ்பேனர்ல பைப்பைச் சொருகி, அது மேல ஏறி நின்னு மிதிச்சு டைட் வச்ச நட்டு அது. எங்க ஊர்ல எல்லாக் கடையிலயும் அப்படித்தான் வைக்காங்க.

காலையில மாப்பிள்ளை ஃபோன்ல பேசினாரு. சும்மாதான்.

ஜூன் 11, புதன்

மதுரை ஆஸ்பத்திரி. முப்பிடாதி வராந்தாவுல கால நீட்டி உக்காந்திருக்கா. என்னையப் பாத்ததும் அழுவான்னு நினைச்சேன். அழலை. "சாப்டியாண்ணே?"ன்னு கேக்கா. அதுக்குப் பதிலா என்னைய ஒரு அறை விட்டிருக்கலாம்.

டாக்டர் சின்னப் பொண்ணு, பொறுமையாச் சொல்லிச்சு. முழங்காலுக்குக் கீழ எலும்பு அஞ்சாறு துண்டு. அதுகூட ஒட்டிக்குமாம். ரத்தக்குழாய் நசுங்கினதுதான் பிரச்சினை. தச்சு விட்டிருக்காங்க. பாதத்துக்கு ரத்தம் ஓடுதான்னு ஒரு வாரம் பாக்கணும். "ஓடலைன்னா?"ன்னு கேட்டேன். "ஓடும்னு நினைப்போம் சார்"னு சொல்லிட்டுப் போயிட்டு.

வலது கால். பிரேக் கால். அது போச்சுன்னா வண்டியும் போச்சு, மாப்பிள்ளையோட பொழப்பும் போச்சு.

போலீஸ்காரர் வந்து விசாரிச்சாரு. சக்கரம் எங்க மாட்டினதுன்னு கேட்டாரு. நான் வாயத் திறக்கதுக்குள்ள முப்பிடாதி சொன்னா, "எங்கண்ணன் கடையிலதான் சார். அண்ணன் தப்பா மாட்டாது."

ஜூன் 12, வியாழன்

ஆரோக்கியத்தை இன்னைக்குக் கிழி கிழின்னு கிழிச்சிட்டேன். பதினோரு வருஷமா என்கிட்ட வேலை பாக்கான், ரெண்டு பிள்ளை பெத்தவன். நட்டு வைக்கப்ப கவனம் எங்க இருக்கு, செல்ஃபோன்லயான்னு கேட்டேன். "அண்ணாச்சி, அன்னைக்கு நான்…"னு ஆரம்பிச்சான். வாய மூடுன்னுட்டேன். மூடிக்கிட்டான்.

அப்புறம் ஒரு முடிவுக்கு வந்தேன். டார்க் ரெஞ்ச் வாங்கணும். நட்டு எவ்வளவு டைட் இருக்கணுமோ அந்த நம்பரைக் கைப்பிடியத் திருகி வச்சுக்கிட்டா, அந்த அளவு வந்ததும் டக்குன்னு ஒரு சொடக்கு விடும். கையிலயும் தட்டும். அதோட நிறுத்திரணும். கம்பெனி ஷோரூம்ல வச்சிருக்கான். நாம "கைதான் அளவு"ன்னு சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டியாச்சு. இனிமே இந்தக் கடையில அது இல்லாம ஒரு சக்கரம் இறங்காது. இப்ப வாங்கி என்னத்துக்குன்னு செல்வமணி கேட்டா. என் வீட்டுக்காரிக்கு எதையும் சுத்தி வளைச்சுக் கேக்கத் தெரியாது. சட்டைய மாட்டிக்கிட்டுக் கடைக்கு வந்துட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

ஊருக்குள்ள மூணு கடை ஏறி இறங்கினேன். ரெண்டு கடையில அப்படின்னா என்னன்னு கேட்டான். மூணாவது கடையில ஒண்ணு எடுத்துக் காட்டினான், முழங்கை நீளம், அறுபது வரைக்கும்தான். பைக் இன்ஜினுக்கு உள்ளது. காருக்கு நூறுக்கு மேல வேணும்யான்னா, "ரெண்டு தடவை போட்டு வைங்க அண்ணாச்சி, அறுபதும் அறுபதும் நூத்தி இருபது"ங்கான். சிரிப்பு வந்துட்டு. சிரிச்சதுக்கு அப்புறம் வெக்கமா இருந்துச்சு.

ஜூன் 14, சனி

மதுரை. மாப்பிள்ளைக்கு நினைவு இருக்கு, மருந்து மயக்கத்துல கண்ணு சொருகுது. என்னையப் பாத்து, "மச்சான், வண்டி?"ன்னு கேட்டாரு. "வண்டிய நான் பாத்துக்கிடுதேன் மாப்ள, நீங்க கம்முனு படுங்க"ன்னேன்.

முப்பிடாதி போர்வைய விலக்கிட்டு, "விரலத் தொட்டுப் பாருண்ணே, சூடு இருக்குல்ல?"ன்னா. தொட்டேன். பைப்புத் தண்ணி மாதிரி ஜில்லுன்னு இருந்துச்சு. பெருவிரல் நகத்தடி கறுத்திருக்கு.

"லேசா இருக்கு"ன்னு சொன்னேன். "நானும் அதான் நினைச்சேன்"ன்னா.

ஜூன் 15, ஞாயிறு

ஆரோக்கியம் கோயிலுக்குப் போயிட்டான். ஞாயித்துக்கிழமை அவன் வரமாட்டான். பதினோரு வருஷத்துல ஒரு ஞாயித்துக்கிழமை வந்ததில்லை. போன ஞாயிறும் வரலை.

எட்டாம் தேதி ஞாயிறு.

எழுதிட்டேன். போதும்.

ஜூன் 16, திங்கள்

திருநெல்வேலி போனேன். ஜங்ஷன் பக்கம் மைதீன் பாய் டூல்ஸ் கடை. அவருக்கு எழுபது வயசு இருக்கும். மேஜை மேல மூணு டார்க் ரெஞ்சை வரிசையா வச்சாரு.

"என்ன சக்கரம் அண்ணாச்சி?"

"கார்தான் பாய். வேன் வரும். எப்பவாவது சின்ன லாரி."

"காருக்கு எத்தனை?"

"நூறு, நூத்திப்பத்து."

கடைசியா இருந்த பெருசை எடுத்தேன். என் இடுப்பு உசரம், நூறுல இருந்து அறுநூறு வரைக்கும். கனம் கைய இழுக்குது. இதைக் குடுங்கன்னேன். பாய் தலைய ஆட்டினாரு. "இது லாரிக்கு. அளவு ரெண்டு ஓரத்துலயும் சரியா இருக்காது, நடுப்பக்கம்தான் சுத்தமா இருக்கும். அறுநூறு உள்ளதுல நூத்திப்பத்து வச்சா அடி ஓரத்துல நிக்கும். சொடக்கு விட்டதே உங்களுக்குத் தெரியாது."

"பெருசுதான் பாய் வேணும். எனக்கு ஒரு நட்டு லூசாகக் கூடாது."

அவரு என் மூஞ்சியப் பாத்தாரு. டீ சொன்னாரு. என்ன நடந்துச்சுன்னு கேக்கவும் பாதியச் சொன்னேன். சொந்தக்காரர் வண்டி, மாட்டின ரெண்டாம் நாளே சக்கரம் கழண்டுட்டு, கால் ஊசலாடுது.

"ஏறி மிதிச்சா வச்சீங்க?"

"ஆமா."

"அதுல போல்ட்டு இழுபட்டுப் போகும் அண்ணாச்சி. சரி, அதுக்காகவே ரெண்டு நாள்ல கழண்டு ஓடாதே." கொஞ்ச நேரம் டீய ஆத்தினாரு. "எஃப்.சி.க்குப் போன வண்டியா? சக்கரத்து டிஸ்க்குக்கு பெயிண்ட் கிண்ட் அடிச்சாங்களா?"

டீ கிளாஸைக் கீழ வச்சேன். "அது தெரியலையே பாய்"ன்னேன்.

அறுநூறையே கட்டித் தரச்சொல்லி வாங்கிட்டு வந்தேன். பாய்க்குப் பிடிக்கலை. "ஆகலைன்னா பத்து நாளைக்குள்ள கொண்டாங்க"ன்னாரு.

ஜூன் 17, செவ்வாய்

மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் நூத்தி மூணு.

ஜூன் 18, புதன்

கால எடுத்தாத்தான் ஆளு தங்கும்னுட்டாங்க.

ஃபாரத்தை நீட்டினாங்க. முப்பிடாதி பேனாவ வாங்கினா, கையில வச்சுக்கிட்டே நின்னா, அப்புறம் என்கிட்ட தந்துட்டா. "நீ போடுண்ணே. எனக்குக் கை ஓடலை." அதுல உறவுமுறைன்னு ஒரு கட்டம். மச்சான்னு எழுதினேன். கீழ கையெழுத்துப் போட்டேன், சே. ஆவுடையப்பன்னு முழுசா.

நான் மாட்டின சக்கரம், நான் எடுக்கச் சொல்லுத கால். முருகா, இப்படி ஒரு கையெழுத்து யாருக்கும் வரக்கூடாது.

ஜூன் 19, வியாழன்

முழங்காலுக்குக் கீழ எடுத்தாச்சு. ஆளு இருக்காரு.

ஜூன் 21, சனி

பெரிய ரெஞ்சு பாய் சொன்னது மாதிரியே ஆகிப்போச்சு. நூத்திப்பத்துல வச்சு ஒரு காருக்குப் போட்டேன். அவ்வளவு நீளக் கைப்பிடியில சொடக்கு விட்டதே தெரியலை, தாண்டி முறுக்கிட்டேன். ஆரோக்கியம் பக்கத்துல குனிஞ்சு காதை வச்சுக் கேட்டுத்தான், "இப்ப விட்டுச்சு அண்ணாச்சி"ன்னான். சக்கரத்துக்கு ஒரு காது வச்சுக்கிட்டு வேலை பாக்க முடியுமா? மத்தியானமே திருநெல்வேலி போயி மாத்திட்டு வந்தேன். அறுபதுல இருந்து முன்னூத்தி நாப்பது வரைக்கும் உள்ளது. காருக்கும் ஆகும், வேனுக்கும் ஆகும். பாய் ஒண்ணும் குத்திக்காட்டலை. கால் எப்படி இருக்குன்னு மட்டும் கேட்டாரு. எடுத்தாச்சுன்னு சொன்னேன். வேலை முடிஞ்சதும் நம்பரைக் கடைசிக்கு இறக்கி வைக்கணும், உள்ள ஸ்பிரிங் இருக்கு, அதுக்கு ஓய்வு வேணும்னு சொல்லிக்குடுத்தாரு.

வந்ததும் என் பழைய காரை உள்ள ஏத்தினேன். ஆரோக்கியத்தை அனுப்பிட்டேன். முன்னால உள்ள ரெண்டு சக்கரத்தையும் கழட்டினேன். இடது பக்கத்து டிஸ்க்கை, அதான் டயர் உக்காருத இரும்பு வட்டை, உள்ளயும் வெளியயும் சில்வர் ஸ்பிரே அடிச்சேன். வண்டி மேல ஒட்டி உக்காருத முதுகுப்பக்கம், நட்டு உக்காருத குழி, எல்லாம் ரெண்டு கோட்டு. அரை மணி நேரம் காய விட்டேன். அன்னைக்கு மாப்பிள்ளை வண்டிக்கும் அவ்வளவுதான் காய விட்டது. திங்கக்கிழமை காலையில ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எஃப்.சி.க்கு நிக்கணும்னு மாப்பிள்ளை அவசரப்பட்டாரு, நானும் அவசரப்பட்டேன். "சும்மா மாப்பிள்ளை முறுக்கு மாதிரி ஜம்முனு இருக்கணும்"னு முதுகுப்பக்கம் அடிச்சது நான்தான், அவரு கேக்கவே இல்லை. எஃப்.சி. வண்டின்னா நாங்க எல்லாரும் டிஸ்க்குக்குச் சில்வர் அடிச்சுத்தான் அனுப்புவோம். ஆனா கழட்டாமலே முன்பக்கம் மட்டும் அடிப்போம். சொந்தக்காரருக்குன்னு பாத்துப் பாத்து அடிச்சேன்.

வலது பக்கத்து டிஸ்க்கை ஒண்ணும் செய்யலை, துடைச்சு மாட்டினேன். ரெண்டு பக்கமும் நூத்திப்பத்து. ஒவ்வொரு நட்டுக்கும் டக்குன்னு சொடக்கு. அருமையான சத்தம்.

ஜூன் 22, ஞாயிறு

காலையில காரை எடுத்துக்கிட்டு எட்டயபுரம் வழியா தூத்துக்குடி போயி, டீ குடிச்சிட்டு, அப்படியே திரும்பினேன். நூத்தி இருபது கிலோமீட்டர் இருக்கும். நாப்பதுக்கு மேல ஓட்டலை. பின்னால வந்தவன் எல்லாம் ஹாரன் அடிச்சான்.

கடைக்கு வந்து வலது பக்கம் ரெஞ்சைப் போட்டேன். நட்டு அசையலை, டக்குன்னு சொடக்கு. இடது பக்கம் போட்டேன். முதல் நட்டு அரைச் சுத்து ஓடிச்சு. ரெண்டாவதும் அரைச் சுத்து. அஞ்சுல ஒண்ணு கையாலயே திரும்பிச்சு.

கழட்டிப் பாத்தா, பெயிண்ட் நசுங்கி வழிஞ்சு அப்பிக்கிடக்கு. நட்டு இரும்பு மேல உக்காரவே இல்லை, பெயிண்ட் மேலதான் உக்காந்திருக்கு. பெயிண்ட் நசுங்க நசுங்கப் பிடிப்பு போயிட்டு.

அப்ப, அன்னைக்கு என் கையில இந்த ரெஞ்சு இருந்திருந்தாலும் இதேதான். அழகா டக்குன்னு சொல்லியிருக்கும். நானும் சரிதான்னு அனுப்பியிருப்பேன்.

இவ்வளவு நாளா எதை வாங்க இப்படி அலைஞ்சேன்?

ஜூன் 23, திங்கள்

ஆரோக்கியத்துக்கிட்ட சொன்னேன். "லே, அன்னைக்கு நீ வரலை. நான்தான் மாட்டினேன். உன்னைய ஏசினது தப்பு." தெரியும் அண்ணாச்சின்னான். சுரண்டி வச்ச டிஸ்க்கைக் காட்டினேன். அதைத் தடவிப் பாத்துட்டு, "நான் வந்திருந்தா மட்டும் தடுத்திருப்பேனா? நீங்க நல்லா அடிக்கீகன்னு டப்பாவத்தான் குலுக்கிக் குடுத்திருப்பேன்"னான்.

திட்டுவான்னு எதிர்பார்த்தேன். ஒருத்தனும் திட்ட மாட்டேங்கான்.

ஜூன் 24, செவ்வாய்

மதுரை. செல்வமணி இட்லி கட்டிக்குடுத்தா, கொண்டுபோனேன். மாப்பிள்ளையோட ஃபோன் சுக்குநூறாப் போச்சு, சிம்மை மட்டும் எடுத்து முப்பிடாதி தன் ஃபோன்ல போட்டிருக்கா. இட்லியப் பிச்சுக்கிட்டே கேட்டா, "ண்ணே, கடைசியா அவுக யார்கிட்டப் பேசினாகன்னு கம்பெனிக்காரன்கிட்ட கேட்டாச் சொல்லுவானா?"

"என்னத்துக்குட்டி?"

"சும்மாதான். அதுக்குக் கொஞ்சம் முந்தி யார்கிட்டயாவது பேசியிருப்பாகளோன்னு இருக்கு. என்ன பேசினாகன்னு தெரிஞ்சாத் தேவலை. ரெண்டு கால் இருக்கும்போது பேசின கடைசிப் பேச்சுல்ல."

"ஓட்டும்போது அவரு யார்கிட்டப் பேசப்போறாரு"ன்னு சொல்லிட்டுத் தண்ணி பிடிக்கப் போனேன். பாட்டில் நிறைஞ்சு வழிஞ்சதுகூடத் தெரியலை. பின்னால நின்ன ஒரு அம்மாதான் பைப்பை அடச்சு விட்டுச்சு.

ஜூன் 27, வெள்ளி

இன்னைக்கு ரெஞ்சையும் பெட்டியோட எடுத்துக்கிட்டுப் போனேன். மாப்பிள்ளை கொண்டாரச் சொன்னாரு. நான் ஏதோ புதுச் சாமான் வாங்கியிருக்கேன்னு முப்பிடாதி சொல்லியிருக்கா. வாசல்ல காவலுக்கு நின்னவரு பெட்டியத் திறந்து பாத்துட்டு, "இதென்னய்யா, யாரை அடிக்கவா?"ன்னாரு.

முப்பிடாதி மருந்து வாங்கக் கீழ போயிருந்தா. மாப்பிள்ளை தலகாணிய முட்டுக்குடுத்து உக்காந்திருந்தாரு. போர்வை ஒரு பக்கம் சப்பையாக் கிடந்துச்சு. அங்க பாக்கக்கூடாதுன்னு நினைச்சா அங்கதான் கண்ணு போகுது.

ரெஞ்சைக் கையில குடுத்தேன். கைப்பிடியத் திருகினாரு, நம்பரைப் படிச்சாரு. கட்டில் கால்ல ஒரு போல்ட் இருந்துச்சு, அதுக்கு சாக்கெட் பொருந்துச்சு. எட்டிப் போட்டு இழுத்தாரு. டக்குன்னுச்சு. மறுபடியும் இழுத்தாரு. டக்.

"நல்லாருக்கு மச்சான். இனிமே கடையில ஒருத்தனும் ஏறி மிதிக்க வேண்டாம்."

எனக்கு அதுக்கு மேல தாங்கலை. சொன்னேன். பெயிண்டச் சொன்னேன், முதுகுப்பக்கம் அடிச்சதச் சொன்னேன், தூத்துக்குடி போயிட்டு வந்ததச் சொன்னேன். இந்த ரெஞ்சு அன்னைக்கு இருந்திருந்தாலும் ஒண்ணும் புண்ணியமில்லைன்னு சொன்னேன். கேட்டுக்கிட்டே இருந்தாரு. கடைசியா, "மாப்ள, அந்த ஃபோன்…"னேன்.

"நான்தான மச்சான் பண்ணினேன். எனக்குத் தெரியாதா?"

சாத்தூர் டோல்கேட் தாண்டி ஓரம் கட்டிட்டுத்தான் பேசியிருக்காரு. முன்னால டொக்கு டொக்குன்னு ஒரு சத்தம் வருது மச்சான், ஸ்டியரிங் லேசா ஆடுதுன்னாரு. நான் அப்ப ஒரு டயரைக் கழட்டிக்கிட்டு நின்னேன், ஃபோன் தோளுக்கும் காதுக்கும் நடுவுல. "கல்லு மாட்டியிருக்கும் மாப்ள. புது பெயிண்ட்டு, அப்படித்தான் இருக்கும். போயிட்டு வாங்க, சாயங்காலம் பாத்துக்கிடலாம்." அவ்வளவுதான் நான் சொன்னது. அவரு ஓரம் கட்டி நிறுத்தியிருந்தாரு. இறங்கி ஒரு நட்டைத் தொட்டுப் பாருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நடந்து வீடு வந்திருப்பாரு.

"போலீஸ்காரர் கேட்டாரு. சத்தம் எதுவும் கேக்கலைன்னு சொல்லிட்டேன்"னாரு மாப்பிள்ளை. "முப்பிடாதிக்கிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன். நீங்களும் சொல்லிராதீங்க."

"என்னைய ஏசிருங்க மாப்ள. ஒரு வார்த்தை ஏசிருங்க."

"ஏசி என்ன செய்ய? நானும் பதினெட்டு வருஷம் ஓட்டினவன்தான. இறங்கிப் பாத்திருக்கணும்ல. மச்சான் சொல்லிட்டாரே, அப்புறம் என்னன்னு போயிட்டேன்." ரெஞ்சைப் பெட்டியில அவரே பத்திரமா வச்சாரு. "என்னையத் தூக்கி உக்கார வைக்கதுல இருந்து எல்லாம் அவதான். அவளுக்கு சாஞ்சுக்கிட ஒரு அண்ணன் வேணும் மச்சான். இப்பப் போயி அதையும் புடுங்கிராதீங்க. எனக்காக."

முப்பிடாதி மருந்தோட வந்துட்டா. "என்ன ரெண்டு பேரும் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு?"ன்னா. கட்டில் போல்ட்டு லூசா இருந்துச்சு, அதான் டைட் வச்சோம்னாரு மாப்பிள்ளை.

பஸ்ஸுல கோவில்பட்டி வரைக்கும் அழுதுக்கிட்டே வந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் கைக்குட்டை குடுத்தாரு. எத்தனை மணிக்கு எடுக்காங்கன்னு கேட்டாரு. வீட்டுல சாவுன்னு நினைச்சுக்கிட்டாரு.

ஜூலை 2, புதன்

மாப்பிள்ளைய வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தோம். வாசப்படி ரெண்டையும் நானும் ஆரோக்கியமும் தூக்கி ஏத்தினோம். கனமே இல்லை.

ஜூலை 6, ஞாயிறு

காலையில ஒரு எஃப்.சி. வண்டி. டிஸ்க்குக்கு சில்வர் அடிச்சுத் தாங்கன்னாரு. முன்பக்கம் மட்டும்தான் அடிப்பேன், நட்டுக்குழியில டேப் ஒட்டித்தான் அடிப்பேன், அம்பது கிலோமீட்டர் ஓட்டிட்டுத் திரும்பக் கொண்டாரணும், நட்டு செக் பண்ணுவேன்னேன். "பெயிண்ட் அடிக்க இவ்வளவு சட்டமா? வேற கடையே இல்லையா ஊர்ல?"ன்னு கோவிச்சுக்கிட்டுக் கிளம்பிட்டாரு. பக்கத்துக் கடையில அடிச்சிருப்பாரு. பின்னாலயே ஓடவா முடியும்?

பத்தரைக்கு முப்பிடாதி வந்தா. செல்வமணி குடுத்தனுப்பின தூக்குச்சட்டியத் திருப்பிக் குடுக்க வந்தாளாம். வீட்டுக்குல்ல போகணும், கடைக்கு எதுக்கு வந்தான்னு நினைச்சேன். நேரா உள்ள வந்து, "அந்தச் சாமானை எனக்கும் காட்டு. அவுக வாய் ஓயாம அதைத்தான் பேசுதாக"ன்னா.

ஒரு கார் ஜாக்கி இறக்கி நின்னுச்சு. நம்பரை வச்சுக் குடுத்தேன். ரெண்டு கையாலயும் பிடிச்சு, உதட்டக் கடிச்சுக்கிட்டு இழுத்தா. டக்.

"இவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

இன்னொரு நட்டுக்கும் போட்டா. டக். அப்புறம் அந்த ரெஞ்சைக் கையில வச்சுக்கிட்டே என்னையப் பாத்துக் கேட்டா.

"ண்ணே, இது அன்னைக்கு இருந்திருந்தா அவுக கால் இருந்திருக்குமா?"

இந்தக் கேள்விக்கு உள்ள பதில் எனக்குத் தெரியும். காரை எடுத்துக்கிட்டு தூத்துக்குடி வரைக்கும் போயி நானே தெரிஞ்சுக்கிட்டது. வாய் வரைக்கும் வந்துச்சு. சாஞ்சுக்கிட ஒரு அண்ணன் வேணும்னு மாப்பிள்ளை சொன்னதும் கூடவே வந்துச்சு.

"இருந்திருக்கும்"னு சொன்னேன்.

அப்பத்தான் அழுதா. இருபத்தாறு நாளைக்கு அப்புறம், டயரு மேல உக்காந்து, முந்தானைய வாயில அடச்சுக்கிட்டு அழுதா. நான் தள்ளி நின்னேன்.

முகத்தத் துடச்சுக்கிட்டுச் சொன்னா, "அப்ப சாமான் இல்லாமத்தான் போயிருக்கு. உன் மேல தப்பில்ல. நான் என்னென்னமோ நினைச்சுட்டேண்ணே. நீ ஏதோ கவனக்குறைவா விட்டுட்டன்னு உள்ளுக்குள்ள உன்னைய ஏசிக்கிட்டே இருந்தேன். நீ கொண்டுவந்த இட்லியத் தின்னுக்கிட்டே ஏசினேன். மனசுல வச்சுக்காத."

என் கையப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டா. கையெல்லாம் கிரீஸ். அவ நெத்தியில கறுப்பா ஒட்டிக்கிச்சு. துடைன்னு நான் சொல்லலை. அப்படியே ரோட்டைத் தாண்டிப் போயிட்டா.

ரெஞ்சைத் துடச்சு, நம்பரை அறுபதுக்கு இறக்கிப் பெட்டியில வச்சேன்.

அப்புறம் இந்த டைரியில ஜூன் பத்தாம் தேதிப் பக்கத்தைத் திருப்பினேன். காலையில மாப்பிள்ளை ஃபோன்ல பேசினாரு, சும்மாதான்னு எழுதியிருக்கேன். "சும்மாதான்"ங்கிறத அடிச்சேன். பக்கத்துல இருந்த கொஞ்ச இடத்துல எழுதினேன்: சத்தம் வருதுன்னு சொன்னாரு. போயிட்டு வாங்கன்னு சொன்னேன்.